ஜெபத்துக்குக் கழற்றிய கம்பிச்சட்டை

என் மகள் கிருபாவின் முதுகு ஒரு பக்கமாக வளைகிறது என்று முதலில் சொன்னவர் எங்கள் தையற்காரர். அறுபத்திரண்டாம் வருஷம் அது. கிறிஸ்துமஸுக்குப் பாவாடை தைக்க அளவெடுத்தவர், நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "டீச்சரம்மா, பிள்ளைக்கு ஒரு தோள் எறங்கி இருக்கு. பாவாடையை நேராத் தச்சாலும் ஒரு பக்கம் தரையில இழுக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒழுங்கா அளவெடுக்கத் தெரியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகெலும்பு நடுவில் வலப்பக்கம் நெளிந்து போயிருந்தது. தினமும் தலை பின்னிவிடுகிறவள் நான். எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று?

நான் ஆமத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே பிள்ளை. குடத்தை ஒரே இடுப்பில் தூக்கியதால் வந்தது என்றார்கள். கண்ணேறு என்றார்கள். விருதுநகரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, வடக்கே உள்ள பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயிலேறிப் போனோம்.

அங்கே படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். பிள்ளை வளர வளர முதுகும் வளையும். வளர்த்தி நிற்கும்வரை அதை மேலும் வளையவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் நெஞ்சுக்கூடு நெருக்கி மூச்சே முட்டும். பிறகு அறுத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் நிச்சயமில்லை என்றார்.

பிடித்து வைக்க ஒரு சாதனம் செய்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதைப் பிரேஸ் என்றார்கள். எங்கள் வீட்டில் கம்பிச்சட்டை என்றே பேர் வந்துவிட்டது. இடுப்பைச் சுற்றித் தோல் கச்சை. முன்னால் ஒரு கம்பி, பின்னால் இரண்டு கம்பி. மேலே கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், தாடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை. விலாப்பக்கம் ஒரு தோல் வார், ஓட்டை பார்த்து இறுக்க வேண்டும். போட்டால் பிள்ளை குனிய முடியாது, திரும்ப முடியாது. மோவாயைத் தூக்கிக்கொண்டேதான் நிற்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம், குளிக்கவும் பயிற்சி செய்யவும் கழற்றலாம். மற்றபடி படுத்தாலும் எழுந்தாலும் அதோடுதான்.

கிருபா அதை வெறுத்தாள். வெறுத்தாள் என்றால் சாதாரணமாக இல்லை. இடுப்பெலும்பில் தோல் உரசிப் புண்ணாகியது. வெயில் காலத்தில் எங்கள் ஊரில் சும்மா இருந்தாலே வேர்த்து ஊற்றும், தோல் கச்சைக்குள் கேட்கவா வேண்டும்? பள்ளிக்கூடத்தில் பையன்கள், "ஏலே, ராக்கெட் வருதுலே, தள்ளி நில்லுங்க, வெடிச்சிரப் போவுது" என்று கத்துவார்கள். பட்டாசு ஊர்ப் பையன்களுக்கு வேறென்ன பேர் தோன்றும்? நான் பிரம்பை எடுத்துக்கொண்டு போவேன், ஓடிவிடுவார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற எனக்கு, வீட்டில் ஒரு பிள்ளையை வார் இறுக்க வைக்க முடியவில்லை. ஒரு நாள் பொறுமை கெட்டு அடித்தும் விட்டேன். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

சகோதரிகளே, இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கம். ஆனாலும் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சிக்கு அர்த்தமில்லை.

கம்பிச்சட்டையோடு முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனோம். போதகர் "ஜெபிப்போம்" என்றதும் எல்லாரும் முழங்காலில் நின்று தலை குனிந்தோம். கிருபா மட்டும் மோவாயைத் தூக்கி ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆராதனை முடிந்ததும் எங்கள் மாதர் சங்கத் தலைவி ஞானப்பூ அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "என்ன டீச்சர், ஊருக்கெல்லாம் பயபக்தி சொல்லிக் குடுக்கீக, உங்க பிள்ளை ஆண்டவர் முன்னால இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்காளே" என்றார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவர் சொன்னது சரி என்றுதான் அன்று பட்டது. கண்ணை மூடு, தலையைக் குனி, கையைக் கட்டு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுக்கிறவள் நான். அடுத்த வாரம் ஜெபத்துக்கு முன்னால் நானே என் கையால் கழுத்து வளையத்தின் திருகைக் கழற்றி, வாரை அவிழ்த்து, கம்பிச்சட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஐந்து நிமிஷம்தானே, ஆண்டவருக்காகத்தானே என்று நினைத்தேன். ஜெபத்துக்கு மட்டும் கழற்றலாம் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அதன் பிறகு என் மகள் ஜெபிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, ஜெபம் பண்ணலாமா?" என்று அவளே வந்து கேட்பாள். காலையில் குடும்ப ஜெபம், மாலையில் குடும்ப ஜெபம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனி ஜெபம். புதன்கிழமை சங்க ஜெபம். கிருபாவின் முதுகுக்கென்றே நான் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வைத்த உபவாச ஜெபம் பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குத்தான் முடியும். எனக்கு உள்ளம் பூரித்துப் போயிற்று. இந்தப் பாடு என் பிள்ளையை ஆண்டவரிடம் கொண்டுவந்துவிட்டது என்று சங்கத்தில் எழுந்து நின்று சாட்சியே சொன்னேன். கண்ணீரோடு சொன்னேன். அதைக் கேட்டு அழுதவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். என்னை மன்னியுங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரயிலேறினோம். வளைவு நின்றிருக்கும், ஏன், முதுகு நிமிர்ந்துகூட இருக்கும் என்று நம்பிக்கொண்டு போனேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. வளைவு கூடியிருந்தது.

"ஒழுங்காகப் போடுகிறாளா?" என்று கேட்டார். "ராத்திரி பகலாப் போட்டிருக்கா டாக்டரம்மா" என்று அடித்துச் சொன்னேன். கம்பிச்சட்டையைச் செய்து கொடுத்த தோல் வேலைக்காரர் அங்கே இருந்தார். கச்சையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற வேறொரு பிள்ளையின் கச்சையைக் காட்டினார். அது வேர்வை குடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது; எங்களுடையது வெளுத்தே இருந்தது. "அம்மா, தோல் பொய் சொல்லாது. இது பாதி நேரம் ஆணியிலதான் தொங்கியிருக்கு" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் பிள்ளை பொய் சொல்ல மாட்டா. குளிக்கவும் ஜெபத்துக்கும் மட்டும்தான் கழட்டுவா" என்று கத்தினேன்.

டாக்டரம்மா அமைதியாகக் கேட்டார்: "ஜெபம் எவ்வளவு நேரம்?"

"நாங்க நல்லா ஜெபிக்கிற குடும்பம் டாக்டரம்மா" என்று பெருமையாகத் தொடங்கினேன். காலை, மாலை, தனி ஜெபம் என்று விரல் மடக்கினேன். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது எனக்கே கணக்குப் புரிந்துவிட்டது. கிருபாவைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இன்னும் இரண்டு வருஷம் வளருவாள். அதுதான் நமக்கு இருக்கிற காலம். இதே கதியில் போனால் அடுத்த வருஷம் கம்பிச்சட்டையாலும் பயனில்லை" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் கிருபாவிடம் கேட்டேன். "அப்ப நீ ஜெபம் பண்ணவே இல்லையா? கழட்டத்தான் ஜெபம்னு சொன்னியா?"

"முதல்ல கழட்டத்தான் சொன்னேன்" என்றாள். "பெறகு நெசமாவே பண்ணுனேம்மா."

"என்னன்னு பண்ணுன?"

"இதை இனி போடவே கூடாதுன்னு. நீங்க போடணும்னு ஜெபிச்சீக. நான் போடக் கூடாதுன்னு ஜெபிச்சேன்."

ஒரே வீடு, ஒரே பாய், ஒரே ஆண்டவர். தாய் ஒன்று கேட்கிறாள், மகள் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறாள். அவர் யாருக்குச் செவிகொடுப்பார்? போகட்டும், அவள் குழந்தை. நான்? பிள்ளையின் முதுகுக்காக நான் எத்தனை மணி நேரம் ஜெபித்தேனோ அத்தனை மணி நேரமும் அந்த முதுகு தாங்கலில்லாமல் வளைந்துகொண்டிருந்திருக்கிறது. உபவாசமிருந்து பிள்ளையைக் கெடுத்தேனா? இதை ஏன் ஆண்டவர் ஒரு சொப்பனத்திலாவது எனக்குச் சொல்லவில்லை? ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பிள்ளை இதைக் கழற்றாமலிருக்க நீரே ஒரு வழி பாரும்." கண்ணை மூடினேனா என்றுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் குடும்ப ஜெபமே இல்லை. ஜெபம் என்று வாயெடுக்கவே பயமாயிருந்தது. அதிகம் பேசாத என் வீட்டுக்காரர், "ஏன், ஆண்டவருக்கு நம்ம உச்சந்தலையைத்தான் பாக்கணுமா? மொகத்தைக் காட்டுனா வேண்டாங்காரா?" என்றார். நான் எரிந்து விழுந்தேன். எனக்கு அப்போது எந்தப் பேச்சும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கத்துப் பெண்கள் பத்துப் பேரும் வழக்கம்போல் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஞானப்பூ அக்கா. "இனிமேல் கிருபா கழற்ற மாட்டாள்" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லத் தைரியமில்லை. ஞானப்பூ அக்கா புருவத்தைத் தூக்கினார். கிருபாவை ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன்.

"எல்லாரும் குனிஞ்சிருக்கையில நான் மட்டும் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று என் காதருகே முணுமுணுத்தாள்.

"பாரு. நல்லாப் பாரு" என்றேன் கடுப்பாக.

ஜெபம் தொடங்கியது. ஒருவர் முடித்தால் அடுத்தவர் என்று நீண்டுகொண்டே போயிற்று. எனக்கு ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. திடீரென்று முக்காலியிலிருந்து களுக்கென்று ஒரு சத்தம். அழுகிறாளோ என்று கண்ணைத் திறந்தேன். அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் உடம்பு குலுங்க, கம்பி அதிர, கண்ணால் ஒரு பக்கம் காட்டினாள். நான் பார்த்தேன்.

ஞானப்பூ அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, விசிறி மடியில் விழுந்து, சுகமான தூக்கம். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. மற்ற எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்; ஓரக்கண்ணால் பார்த்திருந்தாலும் அது ஜெபமாகத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபத்தில் சிரித்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் ஞானப்பூ அக்கா திடுக்கிட்டு விழித்து, "ஆமென்!" என்று பலமாகச் சொல்லிவிட்டார். ஜெபித்துக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். தலைவி சொன்னால் ஆயிற்றே, எல்லாரும் "ஆமென்" என்றார்கள். ஜெபம் முடிந்துவிட்டது.

"யாரு சிரிச்சது?" என்றார் ஞானப்பூ அக்கா.

"நான்தான் பெரியம்மா. நீங்க தூங்குனீக" என்றாள் கிருபா. எனக்கு உயிரே போய்விட்டது.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டார் ஞானப்பூ அக்கா.

"ரெண்டு பேரு ஜெபம் முழுசும்."

ஞானப்பூ அக்கா விசிறியை எடுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்து, பிறகு என்னவோ போல் இளகியது. "நாலு மணிக்கு எந்திரிக்கேன், உக்காந்தா சொக்குது. இத்தனை வருஷமா ஒருத்தி சொல்லலையே எனக்கு. அது சரி, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுல்லா இருந்திருக்கீக" என்றார். பிறகு கிருபாவைப் பார்த்து, "ஏட்டி, இனிமே நீ முழிச்சிரு. எனக்குத் தலை சாஞ்சா அந்தக் கம்பியில ஒரு தட்டுத் தட்டு. கேட்டுச்சா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் அவர்களிடம் கொட்டிவிட்டேன். எந்த நேரத்தில் கழற்றினாள், யார் கழற்றச் சொன்னது, தோல் வேலைக்காரர் என்ன சொன்னார், எல்லாம். ஞானப்பூ அக்கா விசிறியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நாந்தான் சொன்னேன்" என்றார். எழுந்து போய்க் கிருபாவின் விலாவில் இருந்த வாரைத் தொட்டுப் பார்த்தார். "இது எத்தனையாவது ஓட்டை?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். வார் எத்தனையாவது ஓட்டை என்று பார்ப்பார். புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் போடுவார். வர முடியாத நாளில் சங்கத்திலிருந்து வேறொருவர் வருவார். சனிக்கிழமை ஜெபத்தில் பிள்ளையின் கம்பி டிங்கென்று ஒலிக்கும், ஞானப்பூ அக்கா "ஸ்தோத்திரம்" என்று நிமிர்வார், எல்லாரும் சிரித்துக்கொண்டே ஜெபிப்போம். கம்பிச்சட்டை இல்லாமல் ஜெபத்துக்கு வந்தால் அவளுக்கு அங்கே வேலையில்லை என்று ஆகிவிட்டது.

எல்லாம் ஒரே நாளில் மாறியது என்று நான் சொன்னால் அது பொய். மழைக்காலத்தில் ஒரு நாள் கம்பிச்சட்டையைக் கிணற்றடியில் வீசியெறிந்தாள். ஒரு வாரம் என்னோடு பேசாமலிருந்தாள். அந்தப் பையன்களும் ராக்கெட் என்பதை விடவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் அவள் தோழிகள் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியைப் பார்க்கப் போனார்கள். ஒரு தோழியின் அப்பா அங்கே போர்மேன். சீசனுக்கு ஆர்டர் குவிந்து வேலை மும்முரமான நேரம். பிள்ளைகள் எல்லாரும் ஆசையோடு போனார்கள், கிருபாவும் போனாள். நான் கூடப் போகவில்லை. வாசலில் போர்மேன் தடுத்திருக்கிறார். "இரும்போட உள்ள வரக்கூடாது பாப்பா. ஒரு உரசல் போதும், பொறி பறந்துரும். அதைக் கழட்டி இங்கன வச்சிட்டு உள்ள போ" என்று சொல்லியிருக்கிறார். நியாயமான காரணம். யாரும் குறை சொல்ல முடியாது. கழற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை.

கிருபா வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாள். தோழிகள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் போர்மேனே பிறகு என் வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. "ஏன் கழட்டலை?" என்று கேட்டேன். "அன்னைக்குக் கழட்டுற ஒரு மணி நேரம் காலையிலேயே முடிஞ்சிருச்சும்மா" என்றாள், சாதாரணமாக. நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். ரயிலில் நான் கேட்டது அன்று கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

வளர்த்தி நின்று, கம்பிச்சட்டையைக் கழற்றி வைக்கச் சொன்ன நாளில் டாக்டரம்மாவிடம், "நிமிந்திருச்சா?" என்று ஆவலாகக் கேட்டேன். "நிமிரவில்லை. ஆனால் கூடவும் இல்லை. நின்றுவிட்டது. அறுக்க வேண்டாம்" என்றார். அதாவது அந்த ஆறு மாதத்தில் கூடிய வளைவு கூடினதுதான். அது என் கணக்கில் என்றைக்கும் இருக்கும். என் மகள் இப்போது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். சைக்கிள் மிதிக்கிறாள். மூச்சு முட்டவில்லை. ஒரு தோள் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

சகோதரிகளே, இதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். முழங்காலில் நின்று நான் அழுது கேட்டது கிடைக்கவில்லை. ரயில் ஜன்னலோரம் ஒன்றும் புரியாமல் கேட்டது கிடைத்தது. வானத்திலிருந்து சத்தம் வருமென்று எதிர்பார்த்தேன், தூக்கம் கலைந்த ஞானப்பூ அக்காவின் "ஆமென்" வந்தது. கிருபாவுக்காக நான் சொன்ன நூறு ஜெபம் எங்கே போயிற்று என்று ஆண்டவரிடம் ஒருநாள் நேரிலேயே கேட்பேன். ஆனால் அவர் என்னைக் கைவிடவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும். என் பிள்ளை மூச்சுவிடுகிறாள், அதற்கு நான் சாகும்வரை அவருக்கு நன்றி சொன்னாலும் தீராது. ஆகையால் நீங்களும் நம்புங்கள். விளங்காவிட்டாலும் நம்புங்கள். விளங்கவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் தாயில்பட்டியிலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை அவளுக்கு. பிள்ளைக்குப் பதினொரு வயது. அதே மாதிரிக் கம்பிச்சட்டை. வார் தொளதொளவென்று தொங்கியது. பிள்ளை யாரையும் பார்க்காமல் நின்றாள்.

"டீச்சர், இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க ஜெபம் பண்ணுனா பலிக்கும்ங்காக" என்றாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பண்ணுவோம் தாயி, கண்டிப்பாப் பண்ணுவோம்" என்றேன். "முதல்ல அந்த வாரை ரெண்டு ஓட்டை இறுக்கு."